முதலாளி வாங்கிக் கொடுத்த கடை

லாண்டரி அக்காவுக்கு வந்த கஷ்டம் எதிரிக்கும் வரக்கூடாது என்றெல்லாம் சொல்லி உங்களை அழவைக்கப் போவதில்லை. பாதிக் கஷ்டம் அவளே ஆசை ஆசையாய் இழுத்து விட்டுக்கொண்டது. மீதியை அவள் புருஷன் கொண்டுவந்து சேர்த்தான். கோர்ட் பாவம், இரண்டையும் கூட்டிப் பார்த்தது, அவ்வளவுதான்.

புருஷனுக்கு ஊரில் முதலாளி என்று பெயர். எந்தத் தொழிலுக்கு முதலாளி என்று கேட்டால் ஒருவருக்கும் சொல்லத் தெரியாது. மடிப்புக் கலையாத சட்டை, கையில் இரண்டு போன், பேசும்போது எதிராளியின் தோளில் கை போடும் பழக்கம். இவ்வளவு இருந்தால் போதாதா? ஊருக்கு வெளியே ஒரு பொட்டல் நிலத்தைக் காட்டி, இங்கே ரோடு வரும், அங்கே பூங்கா வரும் என்று கையை வீசி வீசிப் பேசி, அதே நிலத்தை மனை மனையாகப் போட்டு எண்பது பேர் தலையில் கட்டியிருந்தான். அந்த நிலம் எண்பது பேரில் ஒருவருக்கும் சொந்தமில்லை. அவனுக்கே சொந்தமில்லை. மாட்டிக்கொண்டான், தண்டனை ஆனது, உள்ளே போனான். அதோடு விட்டது சனியன் என்றுதான் லாண்டரி அக்கா நினைத்தாள்.

விடவில்லை. கோர்ட்டில் இன்னொரு வழக்கு தொடங்கியது. குற்றத்தில் சேர்த்த சொத்தை மீட்டு, ஏமாந்தவர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் வழக்கு. முதலில் கார் போனது. அவள் கண்கூடக் கலங்கவில்லை. சுவரை அடைத்துக்கொண்டிருந்த பெரிய டிவி போனது. "தாராளமா எடுத்துட்டுப் போங்க. துடைச்சுத் துடைச்சு எனக்குக் கைவலிதான் மிச்சம்" என்று வந்தவர்களுக்குத் தண்ணீர்கூடக் கொடுத்து அனுப்பினாள். அப்புறம் ஒருநாள், அவளுடைய லாண்டரியும் அதே கணக்கில் சேர்கிறது என்று கடிதம் வந்தது. அப்போதுதான் அவள் இஸ்திரிப் பெட்டியைக் கீழே வைத்துவிட்டுக் கடிதத்தை இரண்டாம் முறை படித்தாள்.

அவளுக்காக வாதாட அரசாங்கமே ஒரு வக்கீலம்மாவைக் கொடுத்திருந்தது. சின்ன வயசு, பெரிய பை, எந்நேரமும் ஓட்டம். வந்தவள் துவைக்க வந்த மூட்டைகளுக்கு நடுவில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள்.

"குற்றம் நடந்த வருஷங்கள்ல அவர் வாங்கினது எல்லாமே குற்றப் பணம்னுதான் கோர்ட் எடுத்துக்கும்க்கா. அவர் யாருக்காவது பரிசா கொடுத்திருந்தா அதுவும் சேரும். இந்தக் கடை அந்த வருஷங்கள்லதான் திறந்திருக்கு. யார் பணம் இது?"

லாண்டரி அக்கா எழுந்துபோய்க் கடையின் முன்கதவைச் சாத்தினாள். டிரையர் தடதடவென்று ஓடிக்கொண்டிருந்தது. அது போதாதென்று இன்னொரு மெஷினையும் போட்டுவிட்டு வந்து, வக்கீலம்மாவின் காதுக்கருகே குனிந்தாள்.

"என் பணம்தாம்மா. ஆனா அது யாருக்கும் தெரியாது."

"யாருக்குமேவா?"

"தெரியாம பார்த்துக்கிட்டேன்ல!" என்றாள். அந்த நேரத்திலும் குரலில் ஒரு பெருமை எட்டிப் பார்த்தது. வக்கீலம்மா பேனாவை மூடி வைத்துவிட்டாள்.

நடந்தது இதுதான். கல்யாணம் ஆன புதிதில் அவள் ஒரு பெரிய ஹோட்டலின் அடித்தளத்தில் துணி துவைக்கும் பகுதியில் வேலை பார்த்தாள். ஜன்னல் கிடையாது, ஆவி, சோப்பு நெடி, நாள் முழுக்கப் படுக்கை விரிப்புகள். முதலாளி அப்போதும் முதலாளிதான். இன்று ஒரு வியாபாரம், நாளைக்கு ஒரு கூட்டாளி, மறுநாள் வீட்டில் படுக்கை. ஒருமுறை சொந்தக்காரர் வீட்டு விசேஷத்தில் எவனோ ஒருவன் விளையாட்டாக, "மாப்பிள்ளைக்கென்ன, பொண்டாட்டி சம்பாத்தியத்துல உட்கார்ந்து சாப்பிடறாரு" என்று சொல்லிவிட்டான். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். முதலாளி வீட்டுக்கு வந்து சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டான். இரண்டு நாள் தட்டைத் தொடவில்லை. அந்த முதுகைப் பார்த்து அவளுக்கு நெஞ்சு வெடித்துவிடும் போலிருந்தது. அவ்வளவு பிரியம் அவன்மேல். சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் உண்மை.

அன்றிலிருந்து ஆரம்பித்தாள். சம்பளத்தை யாரும் பார்க்காமல் அவன் பையில் வைத்துவிடுவாள். வெளியே சாப்பிடப் போனால் மேஜைக்கு அடியில் பணம் கை மாறும். மேஜைக்கு மேலே அவன் எடுத்து வைத்து, "மிச்சத்தை நீயே வெச்சுக்கப்பா" என்று சர்வரிடம் சொல்வான். மாமியாருக்குக் கண் ஆபரேஷன் நடந்தது அவள் இரவு ஷிப்ட் பார்த்த காசில். மாமியாரோ ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டில் முழுக்க என் பிள்ளை, என் பிள்ளை என்று பூரித்துப் போனாள். லாண்டரி அக்காவும் கூடச் சேர்ந்து பூரித்தாள்.

கடைக்கான பணத்தை ஒன்பது வருஷம் சேர்த்தாள். வங்கியில் போடவில்லை. வங்கியில் போட்டால் வீட்டுக்குத் தபால் வரும், வந்தால் அவன் கண்ணில் படும், பட்டால் மனசு நோகும். ஆகவே காலி சோப்புத்தூள் டப்பாக்களில் போட்டு வைத்தாள். ஹோட்டலில் சம்பளமும் கையில்தான் கொடுப்பார்கள், சீட்டு எதுவும் கிடையாது. கடை திறந்த அன்று மெஷின்காரருக்குக் கொடுக்க வேண்டிய பணத்தை முந்தின ராத்திரியே முதலாளியிடம் கொடுத்துவிட்டாள். அவன் எல்லோர் முன்னாலும் கோட்டுப் பையிலிருந்து நோட்டுக் கட்டை எடுத்துக் கொடுத்தான். ரசீது அவன் பெயரில். வாடகை ஒப்பந்தம் அவன் பெயரில். வாசலில் போர்டு அவன் பெயரில். அவள் பெயர் அந்தக் கடையில் இருந்தது ஒரே இடத்தில்தான். அவள் மாட்டியிருந்த ஏப்ரனில் யாரோ கிண்டலுக்காகப் பேனாவால் எழுதியிருந்தார்கள்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு வக்கீலம்மா நெற்றியைத் தேய்த்துக்கொண்டாள்.

"அக்கா, அவர் செஞ்ச மோசடிக்கே இவ்வளவு பக்காவா ஏற்பாடு பண்ணலையே. நீங்க பண்ணியிருக்கீங்க."

"இப்ப என்னம்மா செய்யறது?"

"உங்க பணம்னு சொல்ல ஒரு சாட்சி வேணும். குடும்பத்து ஆள்னா நல்லது."

குடும்பத்து ஆள் என்றதும் நேராக மாமியாரிடம்தான் போனாள். மாமியார் ஒரு மூன்றாம் மாடி வீட்டில் மகளோடு இருந்தாள். மருமகளுக்கு டீ கொடுத்தாள், தலையைத் தடவினாள், சொன்னதையெல்லாம் கேட்டாள். கடைசியில் முகம் சிவந்துவிட்டது.

"ஏம்மா, அவனுக்கு இருக்கிற ஒரே நல்ல பேரு அதுதான். பொண்டாட்டியை ராணி மாதிரி வெச்சிருந்தான்னு. அதையும் பிடுங்கப் பார்க்கிறியா?"

"அத்தை, நான் பொய் சொல்லலை. உங்க கண்ணு ஆபரேஷன்கூட..."

"போதும். திருடன்னு பேர் வாங்கியாச்சு. இனி கையாலாகாதவன்னும் வாங்கணுமா? அவன் கொடுத்தான்னு நீயே உன் வாயால எத்தனை தடவை சொல்லியிருப்பே! அன்னிக்கெல்லாம் பொய் சொன்னியா, இன்னிக்குப் பொய் சொல்றியா?"

அன்றைக்குத்தான் அத்தை, என்று சொல்ல வாய் எடுத்தாள். மாமியாரின் கண்களைப் பார்த்தாள். ஆபரேஷன் நல்லபடியாகத்தான் நடந்திருந்தது. டீயைக் குடித்துவிட்டு எழுந்து வந்தாள்.

நாத்தனாரிடம் கேட்டாள், சித்தப்பா முறை ஆனவரிடம் கேட்டாள். எல்லோரும் ஒரே பாட்டுதான். உன்னை மாதிரி கொடுத்து வெச்சவ யாரு, அவன் உனக்கு என்ன குறை வெச்சான், வேலைக்குப் போகாதேன்னு எத்தனை தடவை சொன்னான். ஒருத்தரும் பொய் சொல்லவில்லை என்பதுதான் கொடுமை. அவள் சொல்லிக் கொடுத்ததைத்தான் அவர்கள் திருப்பிச் சொன்னார்கள். பதினைந்து வருஷமாக வீடு வீடாகப் போய்ச் சொல்லிக் கொடுத்தவள், இப்போது மறந்துவிடுங்கள் என்றால் மறப்பார்களா?

அந்த வாரம் பஸ் டிரைவர் கடைக்கு வந்தார். அந்த எண்பது பேரில் ஒருத்தர். இருந்த சேமிப்பை எல்லாம் கொட்டி அந்தப் பொட்டலில் மனை வாங்கியவர். ஆனாலும் யூனிபாரத்தை அவளிடமேதான் வெளுக்கப் போடுவார். வேறு இடத்தில் காலர் சுத்தமாக வருவதில்லையாம். துணியை வாங்கிக்கொண்டவர் கிளம்பாமல் நின்றார்.

"நாளைக்கு மறுநாள் என்னையும் சாட்சிக்குக் கூப்பிட்டிருக்காங்கக்கா. உங்ககிட்டச் சொல்லாம போய்ச் சொல்ல மனசு வரலை."

"என்ன சொல்லப் போறீங்க?"

"உள்ளதைத்தான். நான் சுலபமா ஏமாறுற ஆள் இல்லை. உங்க வீட்டுக்காரர் என்னை அந்த ரோட்டுக்கு அந்தப்பக்கம் நிறுத்தி இந்தக் கடையைக் காட்டினாரு. 'என் சம்சாரம் சும்மா இருக்கப் பிடிக்கலைன்னா, அதனால வாங்கிக் கொடுத்தேன்'னாரு. பொண்டாட்டி பொழுதுபோகவே இவ்வளவு பெரிய கடை வாங்கிக் கொடுக்கிறவர் நம்ம காசுக்கு ஆசைப்படுவாரான்னு நினைச்சேன். நீங்ககூட உள்ளேயிருந்து சிரிச்சீங்க."

லாண்டரி அக்காவுக்கு அந்த நாள் நினைவுக்கு வந்தது. ரோட்டுக்கு அந்தப்பக்கம் முதலாளி யாரையாவது கூட்டிவந்து நிறுத்தி இந்தப்பக்கம் கை நீட்டுவான். இவள் இஸ்திரிப் பெட்டியை வைத்துவிட்டுத் தலையை ஆட்டிச் சிரிப்பாள். அவன் தன்னைப் பற்றிப் பெருமையாகப் பேசுகிறான் என்று நினைத்தாள். எத்தனை தடவை சிரித்திருப்பாள்! அடிப்பாவி, என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டாள். டிரைவரிடம் கூலி வேண்டாம் என்றாள். அவர் கேட்கவில்லை, மேஜைமேல் வைத்துவிட்டுத்தான் போனார்.

மிச்சம் இருந்தது ஒரே ஒரு சாட்சி. சிறைக்குப் போனாள். கண்ணாடிக்கு அந்தப்பக்கம் முதலாளி போனை எடுத்துக் காதில் வைத்தான். உள்ளே போயும் தலைமுடியை அழகாக வாரியிருந்தான்.

"கோர்ட்டுல வந்து ஒரு வார்த்தை சொல்லணும்ங்க. கடைக்கு நீங்க ஒரு பைசா போடலை, எல்லாம் என் பணம்னு. அவ்வளவுதான்."

அவன் முகம் தொங்கிவிட்டது. "கோர்ட்டுல யார் யார் வருவாங்க?"

"எல்லாரும்தான். அத்தை, நாத்தனார், உங்க சித்தப்பா..."

"அவங்க முன்னாலயா?" போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடியும் வைத்துக்கொண்டான். "இந்தா பாரு. திருடன்னு சொல்லச் சொல்லு, சொல்றேன். இன்னும் நாலு கேஸ் இருக்கா, கொண்டா, ஒத்துக்கிறேன். எண்பது பேரை ஒரே நிலத்துல உட்கார வெச்சேன், அதுக்கு மூளை வேணும். ஆனா பொண்டாட்டி காசுல சாப்பிட்டேன்னு என் வாயால சொல்லணுமா? அதுக்கு என்னைத் தூக்குல போடச் சொல்லு."

அவளுக்கு வந்த கோபத்தில் கண்ணாடி உடையவில்லை என்பது அந்தக் கண்ணாடியின் அதிர்ஷ்டம். "எனக்கு இருக்கிறது அது ஒண்ணுதாங்க. காரு போச்சு, ஒரு வார்த்தை கேட்டேனா? இது என் கை. என் முதுகு. ஒன்பது வருஷம் ஆவியில வெந்தேன். உங்களுக்கு நான் எவ்வளவு செஞ்சேன், ஒரே ஒரு தடவை எனக்குச் செய்ய மாட்டீங்களா?"

அவன் கண்ணாடியில் தெரிந்த தன் முடியை ஒருதரம் ஒதுக்கிக்கொண்டான். நேரம் முடிந்தது என்று காவலர் தோளைத் தொட்டதும் எழுந்து போனான். அவள் வீட்டுக்கு வந்து, கடை போய்விட்டது என்றே முடிவு செய்து அழுதாள்.

விசாரணை நாளன்று கோர்ட் அறை நிறைந்திருந்தது. ஒருபக்கம் ஏமாந்தவர்கள், இன்னொருபக்கம் சொந்தபந்தம். அரசு வக்கீல் நிதானமான மனிதர். அதட்டவில்லை, மிரட்டவில்லை. கடை திறப்பு விழாவில் யாரோ போனில் எடுத்த ஒரு வீடியோவைப் போட்டார். பெரிய திரையில் லாண்டரி அக்காவின் முகம் வந்தது. ஆறு வயசு குறைந்த முகம். முதலாளி சாவியை நீட்டுகிறான், இவள் இரண்டு கையாலும் வாங்குகிறாள், மைக்கைப் பிடிக்கிறாள்.

"நான் ஒண்ணும் செய்யலை, எல்லாம் அவருதான். இந்தக் கடை அவரு எனக்குப் போட்ட பிச்சை" என்றது திரையில் அவள் குரல். அறை முழுக்கக் கேட்டது. கைதட்டல்கூடக் கேட்டது.

"இது நீங்கதானேம்மா?" என்று அரசு வக்கீல் மரியாதையாகக் கேட்டார்.

"நான்தாங்க."

"அன்னிக்கு யாராவது உங்களைக் கட்டாயப்படுத்திப் பேச வெச்சாங்களா?"

"இல்லீங்க."

"அப்ப அது பொய்யா?"

"ஆமாங்க. பொய்தான்."

"உங்களுக்கு ஆதாயம் இருக்கும்போது ஒரு பேச்சு, இல்லாதபோது ஒரு பேச்சு. நன்றிம்மா, உட்காருங்க."

ஆதாயமா! அந்தப் பொய்யில் அவளுக்கு என்ன ஆதாயம் என்று யாராவது கேட்டிருந்தால் விடிய விடியச் சொல்லியிருப்பாள். யாரும் கேட்கவில்லை. டிரைவர் வந்து உள்ளதைச் சொன்னார். மாமியார் வந்து, "என் பிள்ளைதாங்க வாங்கிக் கொடுத்தான். எல்லாத் தப்பும் செஞ்சான், பொண்டாட்டிக்கு மட்டும் குறை வைக்கலை" என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நாத்தனாரும் துடைத்துக்கொண்டாள். கடைசியாக முதலாளியைக் கொண்டுவந்து கூண்டில் நிறுத்தினார்கள்.

வக்கீலம்மா எழுந்தாள். அவளுக்கே நம்பிக்கை இல்லை. "லாண்டரிக் கடை யார் பணத்துல வாங்கினது?" என்று ஒப்புக்குக் கேட்டாள்.

முதலாளி சொந்தக்காரர்கள் உட்கார்ந்திருந்த பக்கம் பார்த்தான். அம்மாவைப் பார்த்தான். அப்புறம் லாண்டரி அக்காவைப் பார்த்தான். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். கேட்கப்போவது தெரிந்ததுதானே, அவன் முகத்தை வேறு பார்க்க வேண்டுமா?

"அவ பணம்" என்றான்.

வக்கீலம்மா கையிலிருந்த தாளைக் கீழே வைத்தாள்.

"அவ பணம்தாங்க ஐயா. நான் ஒரு பைசா போடலை. கடை மட்டும் இல்லை. எங்க அம்மா கண்ணு ஆபரேஷன், தங்கச்சி படிப்பு, நான் போட்டிருந்த ஷூ, எல்லாம் அவ துணி துவைச்ச காசு. நான் எடுத்துக் கொடுத்தேன், அவ்வளவுதான். இத்தனை வருஷமும் நான் பொண்டாட்டி சம்பாத்தியத்துலதான் சாப்பிட்டேன்." கூண்டின் கட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றான். தண்டனை கிடைத்த அன்றுகூட அவன் இப்படித் தலை குனிந்ததில்லை.

லாண்டரி அக்கா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். கடை கிடைக்கும் என்பதற்காக இல்லை. அந்த நிமிஷம் கடை நினைவே இல்லை. அவள் பட்ட பாட்டை ஊரறிய ஒருவன் சொல்லிவிட்டான். அதுவும் அவனே சொல்லிவிட்டான்.

"பொய் சொல்றான்யா!" என்று மாமியார் எழுந்து நின்று கத்தினாள். "பொண்டாட்டியைக் காப்பாத்தப் பொய் சொல்றான்! என் பிள்ளையை எனக்குத் தெரியாதா?" உட்காரவைக்க இரண்டு பேர் தேவைப்பட்டார்கள்.

அரசு வக்கீல் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "எண்பது பேர்கிட்ட முகத்தைப் பார்த்துப் பொய் சொன்ன ஆள் நீங்க. இன்னிக்கு மட்டும் நாங்க ஏன் நம்பணும்?"

முதலாளி ஏமாந்தவர்கள் உட்கார்ந்திருந்த பக்கம் திரும்பிப் பார்த்தான்.

தீர்ப்பு வந்தது. நீதிபதி நல்லவர், வார்த்தைகளைப் பார்த்துப் பார்த்துத்தான் எழுதியிருந்தார். நேர்மையான சாட்சிகள் இத்தனை பேர் ஒரே குரலில் சொல்லும்போது, மோசடியில் தண்டனை பெற்றவரின் பேச்சை ஏற்க முடியாது. மனைவியின் வாழ்வாதாரத்தைக் காப்பாற்ற ஒரு கணவர் தன்னையே தாழ்த்திக்கொண்டு சொன்ன பொய் அது. அந்த அன்பு புரிந்துகொள்ளத்தக்கது என்றாலும் சட்டம் அதற்கு இடம் தராது. கடை பரிசுதான். மீட்கப்படுகிறது.

அதிகாரிகள் சீல் வைக்க வந்த அன்று சொந்தபந்தம் முழுக்க லாண்டரி வாசலில் கூடிவிட்டது. ஆறுதல் சொல்ல வந்தார்கள் என்று பார்த்தால், ஒவ்வொருத்தர் முகத்திலும் ஒரு பளபளப்பு.

"என்ன மனுஷன்யா! அத்தனை பேர் முன்னால மானத்தை விட்டு, பொண்டாட்டிக்காகப் பொய் சொன்னானே!" என்றார் சித்தப்பா. அன்று விசேஷ வீட்டில் சிரித்தவர்களில் அவரும் ஒருத்தர்.

மாமியார் மருமகளைக் கட்டிக்கொண்டு விம்மினாள். "எந்தப் பொண்ணுக்கும்மா இப்படிப் புருஷன் கிடைப்பான்? ஜெயில்ல இருந்துகிட்டும் உனக்காகத் தலை குனிஞ்சான் பார்த்தியா!"

"அது பொய் இல்லை அத்தை. அவரு சொன்னது உண்மை. இந்தக் கடை என்னோடது."

"சரிம்மா, சரி, சரி" என்று மாமியார் அவள் முதுகைத் தட்டிக் கொடுத்தாள். "நீயும் அவனை விட்டுக்கொடுக்க மாட்டே. எனக்குத் தெரியும்."

லாண்டரி அக்காவுக்கு அங்கேயே உட்கார்ந்து கத்த வேண்டும் போலிருந்தது. கத்தினால் அதையும் புருஷன் பாசம் என்பார்கள். பேசாமல் ஒதுங்கி நின்று, அவர்கள் ஷட்டரை இறக்குவதைப் பார்த்தாள். ஷட்டர் பாதியில் சிக்கியது. வலதுபக்கம் கொஞ்சம் தூக்கி இறக்க வேண்டும் என்று அவளே போய்ச் செய்து காட்டிவிட்டு வந்தாள்.

கடையை ஏலத்தில் வாங்கியவர் வேறு ஊர்க்காரர். மெஷின்களைப் பற்றி ஒன்றும் தெரியாது. தெரிந்த ஆள் யாராவது உண்டா என்று அக்கம்பக்கத்தில் விசாரித்தார், எல்லோரும் ஒரே ஆளைத்தான் கை காட்டினார்கள். அப்படியாக லாண்டரி அக்கா அதே கடையில், அதே மேஜையில், மாதச் சம்பளத்துக்கு இஸ்திரி போட்டாள். மாதம் பிறந்ததும் சம்பளம் அவள் பெயருக்கே வந்தது. சீட்டில் அவள் பெயர் அச்சாகி இருந்தது. முதல் தடவை அதை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். சந்தோஷப்படுவதா, நாக்கைப் பிடுங்கிக்கொள்வதா என்று தெரியவில்லை.

அந்தச் சம்பளத்தில் கொஞ்சம் எடுத்துக்கொண்டு முதலாளியைப் பார்க்கப் போனாள். மனசுக்குள் அவனுக்காக எத்தனையோ வைத்திருந்தாள். நீங்க சொன்னதை யாரும் நம்பலைன்னா என்ன, நான் கேட்டேன்ங்க, எனக்கு அது போதும் என்று சொல்ல நினைத்திருந்தாள். பஸ்ஸில் வரும்போது அதை இரண்டு முறை சொல்லியும் பார்த்தாள்.

முதலாளி கண்ணாடிக்கு அந்தப்பக்கம் வந்து உட்கார்ந்தபோதே ஆள் தெம்பாக இருந்தான். அவனைக் கடந்து போன இன்னொரு கைதி அவன் தோளைத் தட்டிவிட்டுப் போனான்.

"உள்ள இப்ப நம்மளுக்குத் தனி மரியாதை" என்றான் போனில். "பொண்டாட்டிக்காகக் கோர்ட்டுல பொய் சொன்ன ஆளுன்னு. பெரிய பெரிய கேஸ்ல வந்தவனெல்லாம் எழுந்து இடம் கொடுக்கிறான்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"எதுக்கு?"

"அது பொய் இல்லை, உண்மைன்னு அவங்ககிட்டச் சொன்னீங்களா?"

முதலாளி மேஜையில் விரலால் கோடு போட்டான். "கோர்ட்டுலயே சொன்னேனே, நம்பினாங்களா? இங்க போய் எதுக்கு மறுபடி... சும்மா இருந்துட்டேன்." பிறகு குரலைத் தாழ்த்தினான். "கேண்டீனுக்கு ஏதாவது கட்டிட்டுப் போறியா? சோப்பு, பிஸ்கட், டீத்தூள் ஒண்ணும் இல்லை."

"கொண்டு வந்திருக்கேன்."

"நல்லது. கவுன்டர்ல கேட்டா என் பணம்னு சொல்லிடு. இங்க பணம் வந்தா எல்லார் முன்னாலயும் வாசிப்பாங்க. மனைவி சம்பளத்திலிருந்துன்னு வாசிச்சா நல்லாவா இருக்கும்? நான் வெளியில இன்னும் ஏதோ வெச்சிருக்கேன்னு நினைச்சுக்கிட்டிருக்காங்க. அது அப்படியே இருக்கட்டுமே."

லாண்டரி அக்கா அவனைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பஸ்ஸில் சொல்லிப் பார்த்ததில் ஒரு வார்த்தைகூட இப்போது நினைவில்லை. கோபம்கூட உடனே வரவில்லை. "சரிங்க" என்றாள். போனை மாட்டிவிட்டு எழுந்தாள்.

பணம் கட்டும் கவுன்டர் வெளி வராந்தாவில் இருந்தது. வரிசை நின்றது. அவள் முறை வந்ததும் குமாஸ்தா கைதி எண்ணைக் கேட்டு, கம்ப்யூட்டரில் தட்டி, நிமிர்ந்து பார்த்தார்.

"இவர் பேர்ல சொத்து மீட்பு உத்தரவு இருக்கும்மா. அதனால ஒண்ணு கேட்டாகணும். இது உங்க சொந்தச் சம்பாத்தியமா, இல்லை அவரோட பணமா?"

"எதுவா இருந்தா என்னங்க?"

"உங்க சம்பாத்தியம்னா அவரோட கேண்டீன் கணக்குக்குப் போயிடும், எந்தத் தொந்தரவும் இல்லை. அவரோட பணம்னா நான் கேண்டீன்ல சேர்க்க முடியாது. நேரா கோர்ட் கணக்குக்குத்தான் போகும். ஏமாந்தவங்களுக்குப் பிரிச்சுக் கொடுக்க."

லாண்டரி அக்கா கையிலிருந்த நோட்டுகளைப் பார்த்தாள். பஸ் டிரைவரின் யூனிபாரம் அன்று காலையில்தான் அவள் கையால் தேய்த்து ஹேங்கரில் மாட்டிவிட்டு வந்தது. சம்பளச் சீட்டும் பையிலேயே இருந்தது, எடுத்து நீட்டினால் இந்தக் குமாஸ்தா மறுபேச்சில்லாமல் நம்பியிருப்பார்.

"அவரு பணம்தாங்க" என்றாள்.

குமாஸ்தாவுக்குச் சந்தேகம். "நான் சொன்னது புரிஞ்சுதாம்மா? அவரோடதுன்னா அவருக்கு ஒரு பிஸ்கட்கூடக் கிடைக்காது. நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"யோசிக்க என்னங்க இருக்கு?" என்று லாண்டரி அக்கா வரிசையில் கடைசியில் நின்றவருக்கும் கேட்கும்படி சொன்னாள். "நான் ஒண்ணும் செய்யலை. எல்லாம் அவரு சம்பாதிச்சதுதான்."